வெண்ணழுகல் காளான்: லாக்கேஸா, பெராக்சிடேஸா? வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் அருகே எங்கள் நிலத்தில் மூன்று ஆண்டுகளாக விழுந்து கிடக்கும் புளியமரத்தில் விசிறி விசிறியாக முளைத்திருந்த கெட்டியான காளானைப் பிரித்தெடுத்து, வேலூரில் நான் படிக்கும் கல்லூரியின் ஆய்வகத்தில் வளர்த்து வருகிறேன். அது பற்றியிருந்த இடத்தில் மரம் வெளிறி, நகத்தால் கீறினாலே நார் நாராகப் பிரிந்து வந்தது. ஆகவே, மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்று, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைத்து, மரத்தைப் பழுப்புக் கட்டிகளாக வெடிக்கவிடும் வகை இதுவன்று. லிக்னினையும் சிதைக்கும் வெண்ணழுகல் வகையே என்று கருதுகிறேன்.

ஆக்சிஜனேற்றமடைந்தால் நிறம் மாறும் குவாயகால் என்ற வேதிப்பொருள் கலந்த அகார் (காளான் வளர்க்கும் கூழ்) தட்டில் நான்காம் நாளே செம்பழுப்பு வளையம் தோன்றியது. ஆனால் லிக்னினைச் சிதைக்க உதவும் லாக்கேஸ், ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் செயல்படும் பெராக்சிடேஸ் ஆகிய இரு நொதிகளுமே குவாயகாலை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதால் அந்த நிறம் எதையும் பிரித்துச் சொல்லவில்லை. லிக்னின் பெராக்சிடேஸ் என்ற பெராக்சிடேஸ் வகை உள்ளதா என்று சோதிக்க, வெராட்ரைல் ஆல்கஹால் வெராட்ரால்டிஹைடாக மாறுவதை 310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்தபோது, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தும் அளவு அசையவில்லை. 1983இல் லிக்னின் பெராக்சிடேஸ் கண்டறியப்பட்ட ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெண்ணழுகல் காளான், நைட்ரஜன் போன்ற ஊட்டம் குறையும்போதுதான் அதைச் சுரக்கும். நான் வளர்த்ததோ நைட்ரஜனைக் கட்டுப்படுத்தாத உருளைக்கிழங்குக் குழம்பில். (நடுவே மின்சாரமும் இருமுறை போனது, வேலூர் வெயிலில் அடைகாப்பான் அணைந்தாலும் சூடு குறையவில்லை.)

கேட்டலேஸ் சேர்த்துப் பெராக்சைடை நீக்கிய பின்னும் குவாயகால் நிறம் மாறினால், அது லாக்கேஸ் என்று முடிவு செய்யலாமா? மற்றொரு பெராக்சிடேஸ் வகையான மாங்கனீசு பெராக்சிடேஸைத் தனியே சோதிக்க எளிய முறை உண்டா? இவற்றைச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.