புதுப்பிப்பு: புருவத் தசை சுவிட்ச் தானாக இயங்கிய சிக்கல் தீர்ந்தது

பேச இயலாத அப்பா, புருவத்தை உயர்த்தித் திரையில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் தசைமின் சுவிட்ச் (தோலில் ஒட்டிய மின்முனைகள் வழியே தசையின் மின் சமிக்ஞையை உணர்ந்து இயங்குவது), அவர் அசையாதபோதும் தானாக இயங்குகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. வீட்டு மின்சாரத்திலிருந்து கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டியதில் சிக்கல் ஓரளவே குறைந்தது. தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து உலரவிட்டு, ஒப்பிட்டு அளப்பதற்கான ஆதார மின்முனையைத் தசையின் மேல் அல்லாமல் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மேல் ஒட்டச் சொன்ன யோசனைதான் பலித்தது. சமிக்ஞை எந்த அளவைத் தாண்டினால் சுவிட்ச் இயங்க வேண்டும் என்ற தூண்டல் வரம்பையும் இப்போது ஒவ்வொரு முறையும் அவர் ஓய்வாக இருக்கும் 10 விநாடி அளவீட்டிலிருந்தே கணக்கிடுகிறேன். எதிர்பாராதது ஒன்று: பல்லைக் கடித்தால் கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுத் தசையின் சமிக்ஞையும் கலந்துவிடுகிறது, மின்முனைகளை நெற்றியின் நடுப்பக்கமாக நகர்த்தியதும் அது பெரும்பாலும் நின்றது. மாலையில் களைப்பால் அசைவு சிறுத்துவிடுவதால் மறுபடி அளந்துகொள்கிறோம். நேற்று அவர் முதலில் எழுதியது, “விசிறியை நிறுத்து”.