செல்ஃப் ப்ரமோஷன்: ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் அகராதியில் ‘செல்ஃப் ப்ரமோஷன்’ (self-promotion) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இதுவரை தற்புகழ்ச்சி, சுயதம்பட்டம், சுயவிளம்பரம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் பி. டி. பார்னம் என்ற அமெரிக்கக் கேளிக்கைக் காட்சி முதலாளி ஒருவரிடமே வைத்துப் பார்த்தேன்.

நியூயார்க் பிராட்வேயில் 1841இல் ஓர் அருங்காட்சியகத்தை வாங்கியவர் பார்னம். ஒருநாள் வேலை கேட்டு வந்தவனிடம் ஐந்து செங்கற்களைக் கொடுத்தார். நாலு கல்லைத் தெருமுனைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். கையில் மிஞ்சும் கல்லை முதல் முனையில் வைத்துவிட்டு அங்கே இருப்பதை எடுக்க வேண்டும். இப்படியே சுற்றிச் சுற்றி வர வேண்டும். யார் என்ன கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. மணிக்கு ஒரு தடவை டிக்கெட்டைக் காட்டி அருங்காட்சியகத்துக்குள் போய், ஒரு சுற்று பார்த்துவிட்டு, மறுபடி கல்லுக்கு வர வேண்டும். என்ன ஏது என்று புரியாமல் கூட்டம் கூடிவிட்டது. அவன் உள்ளே போகும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கடைசியில் நெரிசல் தாங்காமல் போலீஸ் நிறுத்தச் சொன்னது. பார்னமே தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். அப்புறம் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில், ரயில் பாதையை ஒட்டிய நிலத்தில் யானையைக் கட்டி உழவைத்தார். ரயில் வரும் நேரம் பார்த்து உழ, பாகன் கையில் ரயில் நேர அட்டவணை!

இரண்டிலும் புகழ்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே தற்புகழ்ச்சி சரிவராது. சுயதம்பட்டம் நல்ல பேச்சுவழக்கு, ஆனால் அது வசவு. திறமை இருந்தும் வெளியே தெரியாத ஒரு நெசவாளி, தான் நெய்த சேலையைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவதும் செல்ஃப் ப்ரமோஷன்தான். அவரைத் தம்பட்டம் அடிக்கிறார் என்று எழுத எனக்கு மனம் வராது. சுயவிளம்பரம் பொருளில் சரி. ஆனால் ஆளைக் குறிக்க ‘சுயவிளம்பரம் செய்துகொள்பவர்’ என்று நீட்ட வேண்டியிருக்கிறது.

என் பரிந்துரை: தன்விளம்பல். ஆளுக்குத் தன்விளம்பி. விளம்புவது என்றால் சொல்வதுதானே, பார்னம் எதையும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். விளம்பரம் என்ற சொல் வாய்ப்பேச்சைத் தாண்டி எப்போதோ படத்துக்கும் பலகைக்கும் போய்விட்டது. அதே பழக்கம் இதற்கும் கைகொடுக்கும்.

ஆனால் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை என்ன சொல்வது? கேசியஸ் கிளே என்ற பழைய பெயரில் இருந்தபோது, 1961இல் லாஸ் வேகாஸில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்த வீரரைப் பார்த்து, வாய்வீச்சு கூட்டத்தை இழுக்கும் என்று கற்றுக்கொண்டவர் அலி. 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில், அப்போதைய உலக சாம்பியன் சன்னி லிஸ்டனோடு மோதினார். அலிக்கு அப்போது வயது 22. லிஸ்டன்தான் ஜெயிப்பார் என்று விளையாட்டு நிருபர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். நானே பெரியவன் என்று அலி சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் எழுந்து வரவில்லை.

இதற்குப் பெயர் புதிதாகத் தேட வேண்டாம். வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துச் சொல்வதை, போரையும் வீரத்தையும் பாடும் புறத்திணையில் நெடுமொழி என்பார்கள். நன்னூல் என்ற இலக்கண நூல் ‘தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்று கண்டித்துவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே விலக்குகளையும் தருகிறது. அவற்றில் ஒன்று, ‘தன்னுடை ஆற்றல் உணரா ரிடையினும்’, அதாவது தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில். புலவர்களுக்குச் சொன்னதுதான், ஆனால் மயாமியில் அன்று அலி நின்ற இடம் அதுவே. படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது.

ஆகவே அகராதியில் இரண்டு பதிவுகள் வேண்டும். கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும் ஏற்பாடு எல்லாம் தன்விளம்பல். தன் திறனை வாயால் அறிவிப்பது நெடுமொழி. நெடுமொழி கூறுபவருக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. நெடுமொழியாளர் என்றால் நீளமாகப் பேசுபவர் என்று பொருள்படுமோ என்று தயங்குகிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்