ஐந்து பேர், ஒரு கேம்பர்வேன், இத்தாலிய ஏரி: பெங்களூரிலிருந்து திட்டமிட உதவி வேண்டும்

ஜெயநகர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும், பதினொன்றும் ஏழும் வயதான இரு பிள்ளைகளும், அறுபத்தெட்டு வயதாகும் என் தாயாரும் ஐரோப்பாவுக்குச் சென்று, படுக்கையும் அடுக்களையும் கொண்ட கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வழியில் சில நாடுகளைப் பார்த்துக்கொண்டே இத்தாலியின் ஏரிகளில் ஒன்றை அடைந்து, அங்கே சில நாட்கள் தங்கிவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறோம். விடுப்பு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போதைக்கு வரைந்து வைத்திருக்கும் வழி ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், ஸ்விட்சர்லாந்து, கோமோ ஏரி, பின்னர் ரைன் நதிக்கரை வழியாக மீண்டும் ஆம்ஸ்டர்டாம். வண்டியை நான் ஒருவன்தான் ஓட்ட வேண்டும். ஓசூர் சாலை நெரிசலும் சார்மாடி மலைப்பாதை வளைவுகளும் பழக்கப்பட்டவையே என்றாலும், இடப்பக்க ஸ்டீயரிங் வைத்த பெரிய வண்டியை இதுவரை தொட்டதில்லை. இந்த வழி சரிதானா, எந்த அளவு வண்டி எடுப்பது, விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பவை என் கேள்விகள். அம்மா வெளிச்சாப்பாடு சாப்பிட மாட்டார். ஆகவே சமையலும் வண்டியிலேயே நடந்தாக வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு, முன்பு மியூனிக்

ஏரிக்காகப் போகிறோம் என்கிறீர்கள். ஆனால் நீங்கள் வரைந்திருக்கும் வழியில் ஏரிக்குத்தான் நேரம் இல்லை. அந்தச் சுற்று ஏறத்தாழ 2,400 கி.மீ. வரும். காரில் போவதைவிடக் கேம்பர்வேனில் மெதுவாகத்தான் போக முடியும். ஒவ்வொரு மாலையும் இருட்டுவதற்குள் கேம்பிங் தளத்தை அடைந்து, மின்கம்பியைச் செருகி, தண்ணீர் நிரப்பி, படுக்கைகளை விரிக்க வேண்டும். ஓட்டுநர் ஒருவரே என்னும்போது பாதி விடுமுறை நெடுஞ்சாலையிலேயே கழியும். பாரிஸைக் கேம்பர்வேனில் பார்க்கப் போவதிலும் எனக்கு உடன்பாடில்லை. வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு ரயிலில் போக வேண்டியிருக்கும் என்றால், அந்த நாட்களுக்கு வண்டி வாடகை எதற்கு?

என் யோசனை மியூனிக். பெங்களூரிலிருந்து மியூனிக்குக்கு லுஃப்தான்சா 2023 இறுதியில் நேரடி விமானத்தைத் தொடங்கியது. அங்கிருந்து இத்தாலியின் மிகப் பெரிய ஏரியான கார்டா ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது, ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளையும் ஆல்ப்ஸ் மலையையும் கடந்தே அதை அடைகிறீர்கள். இன்ஸ்புருக்கிலும் போல்சானோவிலும் ஒவ்வோர் இரவு தங்கினால் எந்த நாளும் ஓட்டம் மிகாது. இரவு விமானத்தில் இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள். ஒரு நாள் விடுதியில் தூங்கி எழுந்து, மறுநாள் எடுப்பதே நல்லது.

சுங்கக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் இத்தகைய வண்டிக்குச் சாலைச் சுங்கம் கிடையாது. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட், அதாவது குறிப்பிட்ட நாட்களுக்கான சாலைக் கட்டணச் சீட்டு, வாங்க வேண்டும்; பத்து நாள் விக்னெட் திரும்பும் நாளையும் உள்ளடக்குகிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இன்ஸ்புருக்குக்குத் தெற்கே பிரென்னர் கணவாய்க்கு ஏறும் ஏ13 சாலைக்கு அந்த விக்னெட் செல்லாது. அங்கே தனிச் சுங்கம் உண்டு. இத்தாலியில் நுழைவில் சீட்டு எடுத்து, வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்பப் பணம் செலுத்துவீர்கள். இன்ஸ்புருக்கை நெருங்கும் ஏ12 சாலையில் காற்று மாசுக்காக 100 கி.மீ. வேக வரம்பு வைத்திருக்கிறார்கள். சாலை காலியாக இருக்கிறதே என்று அழுத்த வேண்டாம். பிரென்னர் 1,370 மீட்டர் உயரம்தான். ஏற்றத்தில் சிரமம் இராது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள், சார்மாடியில் செய்வதைத்தான் இங்கும் செய்கிறீர்கள். ஆனால் அந்தப் பாதையில் இருக்கும் லூயெக் பாலத்தைப் புதிதாகக் கட்டும் பணிக்காக 2025 முதல் பல நாட்கள் திசைக்கு ஒரே தடத்தில் போக்குவரத்து விடப்படுகிறது. ஆகவே சனிக்கிழமை கடக்காதீர்கள். செவ்வாய், புதன் காலை உத்தமம்.

வண்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலோர் படுக்கைகளை எண்ணிப் பதிவு செய்துவிடுகிறார்கள். நீங்கள் எண்ண வேண்டியது சீட் பெல்ட்டுகளை. ஆறு மீட்டர் வேன்களில் பெரும்பாலும் பெல்ட்டுடன் நான்கு இருக்கைகளே இருக்கும். ஐவருக்கு, ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை வைத்த அல்கோவன் வகை வேண்டியிருக்கும். அது ஏழு மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் கொண்டது. ஜெர்மனியில் பன்னிரண்டு வயதுக்கும் 150 செ.மீ. உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்குத் குழந்தைகளுக்கான தனி இருக்கை கட்டாயம் என்பதால், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அதைப் பொருத்தும் வசதி உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது எடை. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய உச்ச எடை 3.5 டன். அல்கோவன் வண்டி வெறுமையாகவே மூன்று டன்னை ஒட்டி இருக்கும். அதில் ஐவர், பெட்டிகள், 100 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 100 கிலோ, மேற்கொண்டு கூடார விரிப்பு, சைக்கிள் என்று ஏற்றினால் வரம்பு தாண்டிவிடும். வழியில் போலீஸார் நிறுத்தி எடை பார்ப்பதும் உண்டு. தொட்டியைக் கால்வாசி நிரப்பிக்கொண்டு கிளம்பி, தளத்தை அடைந்ததும் முழுவதும் நிரப்புவதே வழக்கம். ஆட்களுக்கும் பொருட்களுக்கும் சரியாக எவ்வளவு எடை மிச்சம் இருக்கிறது என்பதையும் பதிவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

கோமோ அழகில் குறைந்ததன்று. ஆனால் அதன் மேற்குக் கரைச் சாலை பழைய ஊர்களின் சுவர்களுக்கு இடையே நுழைந்து போகிறது. எதிரே பேருந்து வந்தால் ஏழு மீட்டர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க நேரும். கார்டாவின் கிழக்குக் கரையும் தென்கரையும் கேம்பிங்குக்கென்றே அமைந்தவை போல இருக்கும். ரோவெரேத்தோ தெற்கு வெளிவாயிலில் இறங்கி நாகோ ஊரைத் தாண்டி வளைந்தால் ஏரியின் வடமுனை முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணில் விழும். தோர்போலேயில் பிற்பகலில் தெற்கிலிருந்து ஓரா என்னும் காற்று எழும். பாய்மரப் பலகைகள் நீர் நிறைய ஓடும், பிள்ளைகள் கரையைவிட்டு வர மாட்டார்கள். பின்னர் மால்செசினே; அங்கிருந்து சுழலும் கேபிள் காரில் மோன்தே பால்டோ மலைக்கு 1,700 மீட்டருக்கு மேல் ஏறலாம், அம்மாவுக்கும் நடை அதிகமில்லை. கடைசியாகத் தெற்கே பெஸ்கியேராவில் வண்டியை நிறுத்திவிட்டு வெரோனாவுக்கு ரயிலில் போய் வாருங்கள். மேற்குக் கரைச் சாலை பழைய சுரங்கங்கள் நிறைந்தது. அதை வண்டியில் ஓட்டாமல் லிமோனேவுக்குப் படகில் போவதே நலம்.

அல்சூர் ஏரிக்கரை

மேலே சொன்ன வழியை நானும் ஆதரிக்கிறேன். விசாவைப் பொறுத்தவரை, எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கார்டாவில் ஒரு வாரம் என்றால் இத்தாலி, இறங்குவது மியூனிக்காக இருப்பதில் தடையில்லை. இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே தரலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருப்பவர்களுக்கு அதில் பாதி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். "வண்டியில் தூங்குவோம்" என்று மட்டும் எழுதினால் தங்குமிடச் சான்று கேட்பார்கள். ஆகவே ஒவ்வோர் இரவுக்கும் கேம்பிங் தளத்தின் பதிவு உறுதிச்சீட்டை இணைத்துவிடுங்கள்.

ஓட்டுவதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். அது ஓராண்டுக்கு மட்டுமே செல்லும், அசல் உரிமம் கையில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்பார்கள். முன்வைப்புத் தொகையாக ஆயிரம் யூரோவுக்கு மேல் அதில் பிடித்து வைப்பதும் வழக்கம் என்பதால் கார்டின் வரம்பையும் பன்னாட்டுப் பயன்பாட்டையும் இங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

தேதி விஷயத்தில் ஒன்று. பவேரியாவில் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி இரண்டு வாரப் பள்ளி விடுமுறை வரும். அப்போது மியூனிக்கே கார்டாவுக்குக் குடிபெயர்ந்துவிடும். தளத்தில் இடமும் கிடைக்காது, பிரென்னரில் வண்டியும் நகராது. பண்டிகை ஈஸ்டரைப் பொறுத்து மே இரண்டாம் வாரத்திலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை மாறும் என்பதால் முதலில் அந்த ஆண்டின் நாளைப் பாருங்கள். ஏப்ரல் 25, மே 1 இரண்டும் இத்தாலியில் பொது விடுமுறை. மே 1-க்கும் பெந்தெகொஸ்தே விடுமுறைக்கும் இடைப்பட்ட நாட்கள் நமக்கு வசதி. ஏரி நீர் மட்டும் அப்போது குளிராகத்தான் இருக்கும்.

ஜெயநகர்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. மியூனிக், கார்டா என்று முடிவு செய்துவிட்டோம். தளத்துக்கு ஒவ்வோர் இரவும் பணம் தராமல் ஏரிக்கரையிலேயே நிறுத்தித் தூங்கலாம் என்று சில காணொலிகளில் சொல்கிறார்களே, அது முறையா? சமையல் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மல்லேஸ்வரம் அடுக்களை

நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. இத்தாலியச் சட்டப்படி வண்டி சக்கரங்களில் மட்டும் நின்று, நாற்காலி போடாமல், கழிவுநீர் விடாமல் இருந்தால் அது நிறுத்தம்; கூடார விரிப்பை வெளியே இழுத்தால் முகாம். கார்டாவைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் பல இடங்களில் இரவு நிறுத்தத்தையும் தடுத்துப் பலகை வைத்திருக்கின்றன. முதியவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் கதவைத் தட்டும் போலீஸாருக்குப் பதில் சொல்லும் தலைவலி உங்களுக்கு வேண்டாம். அதேபோல், பழைய ஊர்களின் நடுவே இசட்.டி.எல். (வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி) என்ற பலகை கண்டால் நுழையாதீர்கள். கேமரா படம் எடுக்கும், அபராதம் பல மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணத்தோடு பெங்களூர் வந்து சேரும்.

சமையலுக்கு வண்டியில் இரண்டு அல்லது மூன்று எரிவாயு அடுப்புகள் இருக்கும். குக்கர் தாராளமாக வைக்கலாம். இங்கிருந்து இண்டக்ஷன் அடுப்பைக் கொண்டுபோக எண்ணாதீர்கள். பல தளங்களில் மின் இணைப்பு 6 ஆம்பியர்தான், அதாவது 230 வோல்ட்டில் 1,380 வாட். 2,000 வாட் அடுப்பைப் போட்டால் பெட்டியில் ஃப்யூஸ் விழுந்து, வரவேற்பறைவரை போய் ஆளை அழைத்து வர வேண்டியிருக்கும். தாளிப்பை மட்டும் வெளியே சிறிய அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், கடுகும் மிளகாயும் பொரியும் நெடி திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறினால் வாடகை நாள் முழுவதும் இறங்காது.

இந்தியாவிலிருந்து பால், இறைச்சி சார்ந்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அப்பளம், வறுத்த ரவை போதும். அரிசி, தயிர், வெண்ணெய், காய்கறி எல்லாம் அங்கேயே கிடைக்கும். உப்பில்லாத வெண்ணெயை வாங்கி அம்மாவே நெய் உருக்கிக்கொள்ளலாம்.

கழிவறைப் பெட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்யும் பொறுப்பு யாருடையது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். திருப்பித் தரும் காலையில் அது கழுவிச் சுத்தமாக இல்லையென்றால் வைப்புத் தொகையிலிருந்து நல்ல தொகையைப் பிடிப்பார்கள். கடைசி இரவை மியூனிக் அருகே, கழிவு இறக்கும் வசதியுள்ள தளத்தில் வைத்துக்கொண்டால் காலை அவசரம் இராது.