திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடியது சரியா? வீட்டில் சண்டை

சென்னிமலைப்பையன்:
அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், சித்தப்பாவுக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் விவசாயம். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலக்கிறது என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அது சரியா தப்பா என்று ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது, சாப்பாடே ஆறிப்போய்விட்டது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. வேலையும் வேண்டும், ஆறும் வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரன்:
நான் உங்கள் சித்தப்பா கட்சி. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டி முடித்தது பாசனத்துக்கு. சில வருஷத்தில் சாயத்தண்ணீர்க் குட்டையாகி, விவசாயிகளே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடும்படி ஆனது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கழுவின பாத்திரம் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். மாடு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நஷ்டஈடு கொஞ்சம் வந்தது, சரி, உப்பு இறங்கின மண்ணை என்ன செய்வது? வேலை போச்சு என்கிறவர்கள் எங்கள் தோட்டத்தில் வேலை இழந்தவர்களையும் சேர்த்து எண்ணட்டும்.

நாலுவின்ச்:
தோட்டத்துக்காரர் சொன்னதில் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். எங்களுடையது நாலு வின்ச் (துணிக்குச் சாயம் ஏற்றுகிற மெஷின்) ஓடின சின்னப் பட்டறை. பருத்தியில் சாயம் ஏற உப்பு போட்டே ஆக வேண்டும், அந்த உப்பு அப்படியே கழிவுத் தண்ணீரில் போகும். நிறத்தை எடுத்துவிடலாம், உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு: ஆர்.ஓ.வில் (உப்பைப் பிரிக்கிற வடிகட்டி) விட்டு, மிஞ்சினதை எவாபரேட்டரில் கொதிக்கவைத்து, அப்புறம் தேறாத கலப்பு உப்பை மூட்டை கட்டி அடுக்கிவைக்க வேண்டும். கரண்டுச் செலவு சும்மா இல்லை. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது உண்மைதான், ஆனால் அதற்குள் எங்கள் மாதிரி ஆட்கள் மெஷினை எடைக்குப் போட்டாகிவிட்டது. பெரிய ஆட்கள் தாங்கினார்கள். சாயக்கூலி ஏறிவிட்டது, பீஸுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்றால் வெளிநாட்டு பையர் பங்களாதேஷ் விலையைக் காட்டுவார். சுத்தமான ஆறு அவருக்கும் வேண்டுமாம், சர்ட்டிஃபிகேட் கேட்கிறார், காசு மட்டும் நம்முடையது.

செக்கிங்_அக்கா:
தம்பி, எல்லாரும் பேசிவிட்டீர்கள். விவசாயிக்கு நஷ்டஈடு, முதலாளிக்குக் கடன். சாயம் ஏறின துணி வராவிட்டால் பீஸ் ரேட்காரிக்குச் சம்பளம் இல்லை, எங்களை யாரும் எந்த லிஸ்ட்டிலும் எழுதவில்லை. எங்கள் லைன் வீட்டில் ரெண்டு குடும்பம் அட்வான்ஸைக்கூட வாங்காமல் ஊருக்குப் போனார்கள். மூடினது தப்பு என்று சொல்லவில்லை. 1996 வாக்கிலிருந்தே கோர்ட் சொல்லிக்கொண்டிருந்ததை அப்போதே கேட்டிருந்தால் ஒரே நாளில் கதவைச் சாத்தியிருக்க வேண்டாமே.

சென்னிமலைப்பையன்:
அக்கா, இதை அப்பாவிடம் காட்டினேன். அப்போது அவரும் வேலையில்லாமல்தான் இருந்தாராம், இத்தனை வருஷம் சொன்னதில்லை. தோட்டத்துக்கார அண்ணா, இப்போது கிணறு எப்படி?

தோட்டத்துக்காரன்:
மழை நன்றாகப் பெய்த வருஷம் பரவாயில்லைங்க. சித்திரையில் வந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.