கூட்ரோட்டில் வலது திரும்பலை எடுத்துவிட்டு யூ டர்ன் கொடுத்தால் என்ன?

கூட்ரோட்டான்:
கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகிற நெடுஞ்சாலையில்தான் எங்கள் ஊர் கூட்ரோடு. மீடியனில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள், சிக்னல் கிடையாது. நேற்று சாயங்காலம் டீக்கடையில் நின்றபடி பார்த்தேன். எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய ஒருவர் ஊருக்குள் திரும்ப அந்த இடைவெளியில் நிற்கிறார், முன்சக்கரம் மீடியனுக்குள், பின்சக்கரமும் ஒரு கேனும் பாஸ்ட் லேனில். பின்னாலிருந்து சேலம் போகிற லாரி ஹாரனை எடுக்காமல் அடித்துக்கொண்டு வருகிறது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு கையால் கேனைத் தொடையோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். லாரி ஒதுங்கிப் போய்விட்டது. எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1960களிலிருந்தே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் இடது திரும்பல்தான் தலைவலி, நமக்கு அது வலது. சந்திப்பில் அந்தப் பக்கம் திரும்பவே விடமாட்டார்கள். நேராகத் தாண்டிப் போய், ஏறக்குறைய 660 அடி, அதாவது 200 மீட்டர் தள்ளி மீடியனில் இருக்கிற யூ டர்னில் திரும்பி வந்து, அப்புறம் சுலபமான பக்கமாக ஊருக்குள் நுழைய வேண்டும். சாதாரண நாற்சந்தியில் வண்டியோடு வண்டி மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32, இந்த அமைப்பில் 16. பாதி! இதை இங்கே ஏன் செய்யக்கூடாது?

மலர் டீச்சர்:
சார், 200 மீட்டர் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். நான் வேலை பார்க்கிற ஊரில் இப்படித்தான் விபத்தைக் காரணம் சொல்லி இடைவெளியை அடைத்தார்கள், அடுத்த திருப்பம் எங்கேயோ இருக்கிறது, போய்த் திரும்பி வர ஒரு லிட்டர் பெட்ரோலை யோசிக்கிற ஜனங்கள் என்ன செய்வார்கள்? மறுநாளே ராங் சைடு. ராத்திரியில் ஹெட்லைட்டையும் அணைத்துக்கொண்டு ஓரமாக எதிரில் வருகிறார்கள்.

நடக்கிறவர்கள் கதை இன்னும் மோசம். மீடியனில் அரளிச்செடி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டு செடி மொட்டையாக இருக்கும். கீழே யாரோ படி மாதிரி ஒரு கருங்கல் போட்டிருக்கிறார்கள். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கி முதலில் அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, கல்லில் ஏறித் தாண்டுகிறார்கள். உங்கள் 32, 16 கணக்கில் இந்தப் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள்?

கூட்ரோட்டான்:
டீச்சர், நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரில் செய்தது அந்த அமைப்பே இல்லை, அதில் பாதிதான். வட கரோலினாவில் இதற்குப் பக்கத்தில் வருகிற இன்னொரு வடிவம் இருக்கிறது, சூப்பர் ஸ்ட்ரீட் என்பார்கள். கிளைச்சாலையிலிருந்து வருகிறவர் நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்ட முடியாது, ஒதுங்கிச் சேர்ந்து, கொஞ்ச தூரம் போய், யூ டர்ன் எடுத்துத்தான் வர வேண்டும். ஆனால் அந்த யூ டர்னுக்கு முன்னால் காத்திருக்க மீடியனை ஒட்டித் தனி லேன் இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைக்குத் திரும்புகிறவருக்கும் தனி லேன் உண்டு. நம் பால்காரர் கேன் பாஸ்ட் லேனில் நீட்டிக்கொண்டிருக்காது. அடைப்பதற்கு முன் திருப்பத்தைக் கட்ட வேண்டும். இங்கே முதலில் கல்லைக் கொண்டுவந்து நட்டுவிடுகிறார்கள்.

பழைய ஸ்டியரிங்:
தம்பி, இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன், அதில் கடைசி ஒன்பது வருஷம் டிரெய்லர். பேப்பரில் யூ டர்ன் அழகாக இருக்கும். நாற்பது அடி டிரெய்லரை இந்த மீடியனில் ஒரே வீச்சில் திருப்பிக் காட்டுங்கள் பார்ப்போம். எதிர்ப்பக்க ரோடு முழுவதையும் எடுத்தாலும் மூக்கு சர்வீஸ் ரோட்டுத் தடுப்பில் இடிக்கும், ரிவர்ஸ் போட்டாக வேண்டும். ரிவர்ஸ் போடுகிற அந்த அரை நிமிஷம் வண்டி ரோட்டின் குறுக்கே கிடக்கும். ராத்திரியில் டிரெய்லரின் நடுப்பகுதி கண்ணுக்கே தெரியாது, கேபின் ஓரமாகவும் பின்விளக்கு இன்னோர் ஓரமாகவும் இருக்கும், நடுவில் வழி இருக்கிறது என்று நினைத்துக் கார்க்காரன் அடியில் நுழைந்துவிடுவான். நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத விருப்பம் இல்லை.

மாங்காய் சீசனில் கூழ் பேக்டரிக்குப் போகிற வண்டி எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எல்லாம் கழுத்து வரை லோடு. அவசரமாக ஒடித்தால் சாயும்.

கூட்ரோட்டான்:
அண்ணா, இது நியாயமான கேள்வி. மிச்சிகனில் மீடியனே பெரிய அகலம், அதனால் அங்கே லாரி திரும்ப இடம் கிடைக்கிறது. மீடியன் ஒடுக்கமாக இருக்கிற இடத்தில் எதிர்ப்பக்க ஓரத்தில் சாலையை வயிறு மாதிரி கொஞ்சம் புடைத்துக் கட்டுவார்கள், அதற்கு லூன் என்று பெயர். டிரெய்லரின் மூக்கு அந்த வயிற்றுக்குள் போய் ஒரே வளைவில் வெளியே வந்துவிடும். எங்கள் கூட்ரோட்டுக்குத் தெற்கே ஓரத்தில் புறம்போக்கு நிலம் காலியாகக் கிடக்கிறது.

பழைய ஸ்டியரிங்:
அந்த வயிற்றில் பஞ்சர் கடையும் இளநீர் வண்டியும் வராமல் யார் பார்த்துக்கொள்வது?

நாற்சந்தி:
எல்லாரும் ரவுண்டானாவை மறந்துவிட்டீர்கள். மோதல் புள்ளி 8தான், 16கூட இல்லை. உள்ளே சுற்றுகிறவருக்கு வெளியிலிருந்து வருகிறவர் வழிவிட வேண்டும் என்று பிரிட்டனில் 1966இல் விதி வந்தது, அதற்குப் பிறகுதான் அது ஒழுங்காக ஓடியது. அந்த ஒரு விதியை இங்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால்தான் நம் ரவுண்டானாக்கள் அடைத்துக்கொள்கின்றன. கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் வைத்தார்கள், வண்டி நிற்காமல் நகர்கிறது. தர்மபுரி நான்கு ரோட்டுக்கு அதுதான் சரி.

மெல்போர்னில் இன்னொரு முறை. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நடுவில் டிராம் ஓடுவதால் சில சந்திப்புகளில் வலது திரும்புகிறவர் இடது ஓர லேனில் வந்து, சந்திப்புக்குள் இடது ஓரமாகவே முன்னேறி நின்று, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது திரும்புவார். நம் பைக்காரர்கள் பாதிப் பேர் யாரும் சொல்லாமலே இதைத்தான் செய்கிறார்கள்.

மலர் டீச்சர்:
நாற்சந்தி சார், வண்டி நிற்காமல் நகர்கிறது என்பதுதானே என் பயமே. சிக்னல் இருந்தால் சிவப்பு விழும், அப்போது ஒரு பாட்டி கடக்கலாம். சிக்னலை எடுத்துவிட்டால் வண்டி எப்போதும் வந்துகொண்டே இருக்கும். மிச்சிகனில் சந்திப்பிலேயே பெரும்பாலும் சிக்னல் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன், திரும்பலை மட்டும் எடுத்துவிட்டதால் இரண்டே கட்டத்தில் சிக்னல் சுற்றி முடிகிறது, நடப்பவருக்கும் அதில் நேரம் வருகிறது. நீங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவே இல்லை. வண்டிக்காரனுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கூட்ரோட்டான்:
ஒப்புக்கொள்கிறேன் டீச்சர், அதை எழுதாதது என் தவறு. ஆனால் வேகமாக ஓடுகிற நெடுஞ்சாலையில் சிக்னல் வைத்தால் பின்னாலிருந்து வருகிற லோடு லாரி நிற்குமா என்ற பயம் எனக்கு இருக்கிறது, ஸ்டியரிங் அண்ணாவுக்கும் இருக்கும். அதனால் யூ டர்ன் வேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை. நடப்பவருக்குச் சாலைக்கு அடியில் ஒரு சுரங்க வழி, அதோடு சேர்த்து. இரண்டும் ஒரே மனுவில்.

பழைய ஸ்டியரிங்:
லோடு வண்டி நினைத்த இடத்தில் நிற்காது தம்பி, அது உண்மை. சுரங்க வழி என்றால் மழைத் தண்ணீர் வெளியேற வழி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். முழங்கால் தண்ணீர் நின்றால் ஜனம் மறுபடியும் மேலேதான் ஏறும்.

மலர் டீச்சர்:
மனுவில் சுரங்க வழியை முதல் வரியாகப் போடுங்கள், யூ டர்னை அப்புறம். அப்படியானால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து அளக்க வருவதாக இருந்தால் வேண்டாம், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வாருங்கள். அந்தக் கருங்கல் பக்கத்தில் நின்று அளப்போம்.