அவரைக்கொடியில் கறுப்பு அசுவினி: வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை

காரைக்குடி, வீட்டின் பின்கட்டில் அவரைப்பந்தல். கொழுந்திலும் பிஞ்சுக்காம்பிலும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து அடித்தேன். பூச்சி சாகவில்லை, இலைதான் அங்கங்கே கருகியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பந்தல்காரர்: எண்ணெய் தண்ணீரோடு சேரவில்லை தம்பி, அதனால்தான் திட்டாகப் படிந்து கருகியிருக்கிறது. நம்ம பக்கத்து போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பும் திரிந்துபோகும். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே எடுங்கள். 1 லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய். முதலில் காதி சோப்புக் கரைசல் கொஞ்சத்தில் எண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகு மீதித் தண்ணீர். மேலே எண்ணெய் மிதந்தால் அடிக்காதீர்கள். வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். 5, 6 நாள் கழித்து இன்னொரு தடவை.

மாடித்தோட்டம்: வேப்பெண்ணெய் அடிப்பதற்கு முந்தின நாள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். ரொம்ப அப்பிய நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். இளங்கொழுந்து பெருகினால் அசுவினியும் பெருகும்.

ஆச்சி தோட்டம்: எறும்பை விட்டுவிட்டீர்களே! அசுவினி கழிக்கும் இனிப்புநீருக்காக அதுதான் காவல் காக்கிறது. பந்தல்காலில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவுங்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊரும் நீளப்புழு, அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. அது இருக்கும் கொடியில் மருந்தே அடிக்க வேண்டாம்.