ராஜபாளையம் குட்டி வாங்கலாமா? வீட்டில் வயதான அம்மா, ஐந்து வயது மகள்

பெருந்துறை முரளி:
வணக்கம். பெருந்துறைப் பக்கம் தனி வீடு, ஆறு சென்ட் இடம், நாலடிச் சுற்றுச்சுவர். போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் வயரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து காவலுக்கு நாய் வேண்டும் என்று வீட்டில் ஒரே பேச்சு. எனக்கு ராஜபாளையம் மேல்தான் ஆசை. ஒருவரிடம் விசாரித்தேன், முப்பது நாள் குட்டி இருக்கிறது, உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்கு ஷிப்ட் வேலை. பகலில் அம்மா, மனைவி, மகள் மட்டும்தான். "பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், உன் மாமனார் எல்லாம் எப்படிடா உள்ளே வருவாங்க?" என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம் செல்வா:
பேசாமல் லாப்ரடார் வாங்குங்கள் ப்ரோ. ராஜபாளையம் ஒரே ஆளிடம்தான் ஒட்டும். எங்கள் சித்தப்பா வீட்டில் இருந்தது. அவர் வெளியூர் போனால் சித்தி பயந்துகொண்டேதான் சோறு வைப்பார். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து உறுமும்.

திருநகர் கோமதி:
செல்வா தம்பி, உங்கள் கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால் எந்த நாயும் உறுமும். சோறு வைக்கிறவரை விட்டுவிட்டு அதை அவிழ்த்துவிடுகிறவரிடம்தான் ஒட்டும்.

முரளி தம்பி, எங்கள் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது ராஜபாளையம், பெயர் துரை. முதலில் ஒன்று: முப்பது நாள் குட்டி வேண்டவே வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டிக்குப் புரிகிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடம் உங்கள் மகள் கையில் நடக்கும்.

அடுத்தது காது. வெள்ளை நாய்களில் நிறமி குறைவு. உள்காதுக்கும் அந்த நிறமிச் செல்கள் தேவை, அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். ராஜபாளையத்தில் இது அபூர்வம் இல்லை. கூட்டத்தில் இருக்கும்போது தெரியாது, மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். குட்டியைத் தனியாகத் தூங்கவிட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கைதட்ட வேண்டாம், காற்று பட்டே எழுந்துவிடும். சத்தம் வந்த பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் தேடினால் ஒரு காது கேட்காமல் இருக்கலாம். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது அம்மாவின் கேள்வி. நீங்கள் கேட்டதைவிட அதுதான் சரியான கேள்வி. காவல் காக்க இதற்கு யாரும் பழக்க வேண்டியதில்லை, வளர வளரத் தானாக வந்துவிடும். உள்ளே வருகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் பழக்கம் வேண்டும். பிறந்து மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை எதைப் பார்க்கிறதோ அதைச் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளும். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றும் தாத்தா, கத்தும் பிள்ளைகள் எல்லாரையும் அதற்குள் காட்டிவிடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிட முடியாது, பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். துரையை என் கணவர் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்பார். தெருவே சிரித்தது.

வளர்ந்த பிறகும் சிலிண்டர்காரரோடு நட்பு வேண்டாம். மணி அடித்ததும் நாய் கிரில் கதவுக்குப் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். மாமனார் வந்தால் அவர் உட்கார்ந்த பிறகு வாரில் பிடித்துக் கூட்டி வாருங்கள். அவர் தடவ வேண்டாம், கண்ணைப் பார்க்க வேண்டாம், காபி குடித்துக்கொண்டிருக்கட்டும். அதுவே வந்து மோந்து பார்க்கும்.

சஞ்சீவிமலை அடிவாரம்:
அக்கா சொன்னது சரி. நான் ராஜபாளையத்துக்காரன். 2005-இல் தபால்தலையில் வந்த நாய் இது. 2020-இல் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசினார், அதற்குப் பிறகு வெள்ளையாக எதைக் கண்டாலும் ராஜபாளையம் என்று விற்கிறார்கள். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு இரண்டையும் பாருங்கள். தாயைக் காட்டாமல் குட்டியை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

பெருந்துறை முரளி:
நன்றி அக்கா. மகளோடு எப்படி? நாலடிச் சுவர் போதுமா? சாப்பாட்டுக்கு ரொம்பச் செலவாகுமா?

திருநகர் கோமதி:
நாலடிச் சுவர் இதற்கு ஒரு படிக்கட்டு. பூனை ஓடினால் போதும், அந்தப் பக்கம் இருக்கும். கம்பிவலை கட்டி ஆறடி ஆக்குங்கள். இதைக் குட்டி வருவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

மகளையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஒன்றாக விடாதீர்கள், எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. அதைவிடக் கவனம், மகளின் தோழிகள் வரும்போது. பிள்ளைகள் தள்ளிக்கொண்டு கத்துவது நமக்கு விளையாட்டு, நாய்க்கு நம் வீட்டுப் பிள்ளையை யாரோ அடிக்கிறார்கள். அந்த நேரம் கிரிலுக்குப் பின்னால் இருக்கட்டும்.

சோறு ஒரே ஆள் வைக்கக் கூடாது. காலையில் மனைவி, மாலையில் அம்மா என்று மாற்றி வையுங்கள். உட்கார் என்றால் உட்கார்ந்த பிறகுதான் தட்டு தரையில். எங்கள் மாமியார் எழுபது வயதில் அதட்டாமலேயே துரையை உட்கார வைப்பார், என் பேச்சை அது பாதி நாள்தான் கேட்கும்.

செலவு இருக்கிறது. சோறு, முட்டை, கோழி, கேழ்வரகு என்று வீட்டுச் சாப்பாட்டில் நன்றாகவே வளரும், ஆனால் வெறும் தயிர்ச்சோறு பத்தாது. வெங்காயம், வேகவைத்த எலும்பு கூடாது. எலும்பு வலுக்கட்டும் என்று கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். பெரிய இன நாய்களுக்கு அது அதிகமானால் எலும்பு வளர்ச்சியே கெட்டுப்போகும். ஆழமான நெஞ்சு உள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஒரே வேளையில் நிறைய வைக்காமல் பிரித்து வையுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வராமல் தவித்தால் அது சில மணி நேரத்தில் உயிர் போகிற விஷயம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடுங்கள். ராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை ஈரோட்டில் எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

தோல்தான் இதன் தொந்தரவு. வெயிலில் மூக்கும் காதும் சிவந்து உரியும், அதனால் நடையை விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். உண்ணி வெள்ளை முடியில் பளிச்சென்று தெரியும், அது ஒரு வசதி. ஆனால் விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் தேட வேண்டும், உண்ணிக் காய்ச்சல் நாயை உருக்கிவிடும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் மருத்துவர் சொல்கிற தேதியில் தவறாமல்.

குட்டியின் தாயைப் பார்க்கப் போகும்போது உங்கள் அம்மாவையும் கூட்டிப் போங்கள். பகலெல்லாம் அதோடு இருக்கப்போவது அவர்தான். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் செல்வா தம்பி சொன்ன லாப்ரடாரையே வாங்கிவிடலாம், மோட்டாருக்கு ஒரு கேமரா மாட்டிக்கொள்ளுங்கள்.